கணுக்காலில் ஒரு பேனாக் கோடு

அம்மாவின் காலில் இருந்த புண் என்னுடையது. இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை. வலித்தது அவளுக்குத்தான். ஆனால் தினமும் காலையில் அதைத் திறந்து, உப்புநீரில் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து வைத்துக் கட்டியது நான். ஒரு வருடத்தில் என் கை படாமல் அந்தப் புண்ணுக்கு ஒரு நாள்கூட விடிந்ததில்லை.

இடது கால், உட்புறக் கணுவுக்குச் சற்று மேலே, தீப்பெட்டி அளவு. வெரிகோஸ் நரம்பினால் வந்தது. ரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்கி, தோல் கறுத்து, ஒருநாள் கட்டில் விளிம்பில் லேசாக இடித்ததும் உடைந்துவிட்டது. அதன் பிறகு மூடவே இல்லை. இப்படியே போனால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் வரும்.

பகலில் எனக்கு மருந்துக்கடையில் வேலை. மாலையில் செவிலியர் உதவியாளர் வகுப்பு. வகுப்பில் கற்றதை மறுநாளே அம்மாவின் காலில் செய்து பார்த்துவிடுவேன். வாரம் ஒருமுறை புண்ணின் மேல் பளிங்கு போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, அதன் விளிம்பை மார்க்கர் பேனாவால் வரைந்து, தேதி போட்டு எடுத்து வைப்பேன்.

"நிலம் அளக்கற மாதிரி அளக்கறியே, விக்கப் போறியாடா?" என்பாள் அம்மா.

"இதை யாரும்மா வாங்குவாங்க?"

"அதானே. உன்னை மாதிரி ஒரு கிறுக்கன் இன்னொருத்தன் பிறந்து வரணும்."

அந்தத் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஓடின. ஒரு வாரம் கொஞ்சம் சுருங்கும், மறுவாரம் பழையபடி ஆகிவிடும். நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று யோசித்து யோசித்து, உப்புநீரை ஆற வைக்கும் நேரத்தைக்கூட மாற்றிப் பார்த்தேன். இறுக்கமான காலுறை போட்டுக்கொள் என்று ஆறு மாதம் கெஞ்சினேன்.

"அது கால் கழுத்தை நெரிக்குதுடா."

"காலுக்கு ஏதும்மா கழுத்து?"

"உனக்கு என்ன தெரியும்? உன் காலா?"

இந்த நிலையில்தான் அத்தான் அந்த ஷீட்டைப் பற்றிச் சொன்னார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே அம்மாவின் குரல் மாறிவிடும். கைப்பிடி வைத்த நாற்காலி அவருக்கு. தட்டில் முதல் கரண்டி அவருக்கு. மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். காயத்துக்குப் போடும் நானோ இழை ஷீட் தயாரிக்கும் இடத்தில் அவருக்கு வேலை. கொலாஜன் என்பது தோலுக்கு உள்ளிருந்து அதைத் தாங்கி நிற்கிற புரதம். மீன் தோலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, கரைசலாக்கி, மிக மெல்லிய இழையாக இழுத்து ஷீட் செய்கிறார்கள். ஆறாத புண்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விருப்பம் இருந்தா நீங்களும் சேரலாம் அத்தை. கட்டாயம் இல்ல" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான் மாப்பிள்ளை."

அவ்வளவுதான். காலுறைக்கு நான் ஆறு மாதம் கெஞ்சினேன். அவருக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. என் காதில் புகை வந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அக்கா பார்த்தாள். "டேய், அடுப்புல ஏதோ தீயுதா?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை அத்தான் என்னை வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனார். நான்தான் கேட்டேன். அம்மாவின் புண்ணில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன். அதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கவும் போனேன்.

தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, முகத்துக்கு மூடி. சின்ன அறை.

"கதவைச் சீக்கிரம் மூடு மச்சான். காத்து வந்தா ஈரமும் கூடவே வந்துடும்."

மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஊசிக்குழல் படுத்திருந்தது. அதன் பின்பக்கத்தை ஒரு திருகாணி, நகர்வதே தெரியாத வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. எதிரே உலோக உருளை ஒன்று சுழன்றது. ஊசியில் ஒரு மின்கம்பி.

"எவ்வளவு வோல்ட் அத்தான்?"

"கேட்காத. கேட்டா ஓடிடுவ."

ஊசி முனையில் ஒரு சொட்டு திரண்டது. கீழே விழ வேண்டிய சொட்டு விழவில்லை. கூம்பு போல் உருளையை நோக்கி நீண்டது. அங்கிருந்து ஏதோ கிளம்பிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இழை எங்கே?"

"அதான் போய்க்கிட்டிருக்கே."

"தெரியலையே?"

"தெரிஞ்சா அது நானோ இல்ல மச்சான், நூல்கண்டு."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது உருளையின் மேல், கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல் ஒரு வெண்மை படிந்திருந்தது. "கட்டடத்துக்குச் சாரம் கட்டறாங்கல்ல, அது மாதிரி. செல்லுங்க இதைப் பிடிச்சு ஏறித் தோலைக் கட்டிக்கும். கட்டி முடிச்சதும் சாரம் தானா கரைஞ்சுடும். நாம பிரிக்க வேண்டாம்" என்றார். அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு வருடமாகக் குனிந்து குனிந்து செய்ததை, இந்த மனிதர் காயத்தையே பார்க்காமல், குளிரூட்டிய அறையில் நின்றபடி செய்துவிடுவாரா?

பிறகு முந்தைய நாள் ஷீட்டின் ஒரு துண்டை நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாக இழைகள். ஓரிடத்தில் ஓர் இழை சின்னதாக உருண்டு நின்றது. "முத்து" என்றார். காற்றில் ஈரம் கூடினால் இப்படித் திரளுமாம். அந்த ஷீட் முழுவதையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ஒரே ஒரு முத்துக்கா?"

"ஒன்னு கண்ணுல பட்டா, படாதது பத்து இருக்கும்." கூடையை மூடினார். "நல்லா இருக்குன்னு சொல்றவங்களால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல மச்சான். எங்க கெட்டுதுன்னு சொன்னாதான் நாளைக்கு வேலை ஓடும்."

குறை தேடிப் போனவனுக்குக் குறையைத் தானே எடுத்துக் காட்டினார். வெறுங்கையோடு திரும்பினேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷீட்டை வைத்தார். புண்ணைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, உலர்ந்தபடியே மேலே பரப்பினார். ஈரம் பட்டதும் அது நனைந்த காகிதம்போல் ஒளி ஊடுருவி, சதையோடு ஒட்டிக்கொண்டது. அதன் மேல் ஒட்டாத வலை, பஞ்சுப் பட்டை, கட்டு.

"அடுத்த வியாழன் வரைக்கும் உள்ளே இருக்கறதைத் தொடக்கூடாது. வெளிப் பஞ்சு நனைஞ்சா அதை மட்டும் மாத்துங்க. சிவப்பு பரவினாலோ, சூடு, வலி, நாற்றம் இருந்தாலோ அன்னைக்கே வந்துடணும்."

"என் பையன் சும்மா இருக்க மாட்டான்மா. நீங்க கொஞ்சம் மிரட்டிச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். முடியுமா?"

முடியும் என்றேன்.

மறுநாள் காலை பழக்கத்தில் கிண்ணத்தில் உப்புநீரோடு வந்து நின்றேன். கழுவ ஒன்றும் இல்லை. வெளிப் பஞ்சைப் பிரித்து, புதியது வைத்து, கட்டி முடித்தபோது வேலைக்குக் கிளம்ப நிறைய நேரம் மீதம் இருந்தது. அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கிண்ணத்தை இரண்டு முறை கழுவினேன்.

எதிர்வீட்டு அத்தை வந்தார். "மீன் தோலாமே! பூனை கிட்ட வராமப் பார்த்துக்கங்க."

"சிரிக்காதீங்க. மாப்பிள்ளை தன் கையால நெய்ஞ்சது. வெச்ச நிமிஷத்துல இருந்து குளுகுளுன்னு இருக்கு. வலின்னா என்னன்னே மறந்துபோச்சு" என்றாள் அம்மா.

ஒரு வருடத்தில் எதிர்வீட்டு அத்தையிடம் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "சுடுதண்ணி மாதிரி ஊத்தறான்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிறு எரிந்தது. சட்டையை இஸ்திரி போடும்போது ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

புண் ஆறக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவரால் ஆற வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன். இந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு நானே பல தடவை விளக்கிச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் விளக்கம் இன்னும் கொஞ்சம் நீளமானது.

செவ்வாய்க்கிழமை காலை வெளிப் பஞ்சைப் பிரித்தபோது, புண்ணின் ஓரத்தில், கணு எலும்பு புடைத்திருக்கும் பக்கம், தோல் சிவந்திருப்பதுபோல் தெரிந்தது. அம்மாவின் தோல் அங்கே ஏற்கெனவே கறுப்பு. கறுப்பில் சிவப்பை எப்படி நிச்சயமாகச் சொல்வது? விளக்கைக் கிட்டே கொண்டுவந்தேன். இருந்தது. விளக்கைத் தள்ளிப் பிடித்தேன். இல்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா."

"தொட்டா?"

"நீ தொடாதே. நர்ஸ் என்ன சொல்லிச்சு?"

விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அல்லது என் விரல் குளிர்ந்திருந்தது. இந்த ஷீட் தோற்க வேண்டும் என்று காத்திருக்கும் கண் இது. காத்திருக்கும் கண்ணுக்குக் காத்திருப்பதெல்லாம் தெரியாதா? இப்போது அத்தானுக்குப் போன் செய்து, அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? "மச்சானுக்கு வயித்தெரிச்சல்" என்று அவர் சொல்லமாட்டார். அக்கா சொல்வாள். அது உண்மையாகவும் இருக்கும்.

என் கண்ணை நம்ப முடியாவிட்டால் பேனாவை நம்பலாம் என்று தோன்றியது. சட்டைப்பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிறது என்று நான் நினைத்த இடத்தில், தோலின் மேலேயே ஒரு கோடு போட்டேன். பரவினால் கோட்டைத் தாண்டும். பரவாவிட்டால் என் மனசுதான் சிவப்பு.

"என் கால் என்ன உன் நோட்டாடா?" என்றாள் அம்மா. கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பேனா முனை பட்டதற்கா அவ்வளவு இறுக்கம் என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

மாலை வகுப்பில் கட்டுப் போடும் பயிற்சி. என் காலில் கட்டிப் பழகியவளை நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுவோம், அவள் போட்டிருக்கும் கண்ணாடி அவ்வளவு தடிமன்.

"ஏன்டா இப்படி விறைச்சுக்கிட்டிருக்க? நோயாளி வேஷம் போடச் சொன்னா, பிணம் வேஷம் போடற."

சொன்னேன். சிவப்பு, விளக்கு, பேனா, அத்தான் எல்லாவற்றையும்.

அவள் கட்டுவதை நிறுத்தினாள். "சிவப்பு இருக்கா, இல்லையா?"

"இருக்கற மாதிரி இருக்கு. ஆனா எனக்கு அவர் மேல... அதனாலதான் அப்படித் தெரியுதோன்னு..."

"நீ வயிறு எரிஞ்சா உங்கம்மா கால் சிவக்குமா? அவ்வளவு சக்தி இருந்தா நீ ஏன்டா மருந்துக்கடையில நிக்கற?"

"அதுக்கில்ல..."

"பொறாமைப்படறவன் கண்ணு அவிஞ்சு போகாது. மத்தவங்க பார்க்காம விட்டதையும் சேர்த்து அதுதான் பார்க்கும். கிளம்பு. போய்க் கோட்டைப் பாரு."

கிளம்பினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் அவள் பாதி கட்டிய கட்டு என் காலிலேயே தொங்குவதைப் பார்த்தேன்.

உள்ளே அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு என்ன ஆச்சு மச்சான்?" என்று என் காலைப் பார்த்துப் பதறினார்.

"எனக்கு ஒன்னும் இல்ல. அம்மா, காலைக் காட்டு."

"மாப்பிள்ளை சாப்பிடட்டும்டா." இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். புடவையைக் கீழே இழுத்துவிட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். பஞ்சை விலக்கினேன். இப்போது விளக்கைக் கிட்டே கொண்டுவரத் தேவை இருக்கவில்லை. சிவப்பு என் நீலக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் பரவியிருந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம் இழுக்குது."

"எப்ப இருந்து?"

அம்மா மாப்பிள்ளையின் தட்டைப் பார்த்தாள்.

"அம்மா!" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கிழமையில இருந்து. லேசாத்தான்."

"நான் தினமும் கேட்டேனேம்மா!"

"உன்கிட்ட சொன்னா நீ வீட்டையே ரெண்டாக்குவ. மாப்பிள்ளை எவ்வளவு ஆசையா கொண்டுவந்து கொடுத்தாரு? அதுல போய் நொட்டை சொன்னா நல்லாவா இருக்கும்?"

அத்தான் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

"அத்தை, நான் கொடுத்தது புடவை இல்ல. பிடிக்காட்டியும் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு."

ஆஸ்பத்திரியின் மாலைப் பிரிவு மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அதே நர்ஸ் இருந்தார். கோட்டைப் பார்த்ததும், "யார் போட்டது?" என்றார்.

"நான்."

"எப்ப?"

"காலையில."

"கோடு நல்ல கோடு. போட்டுட்டு வேலைக்குப் போனதுதான் நல்லா இல்ல. சந்தேகம் வந்தா உடனே வரணும்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னார். தலையாட்டினேன். அத்தான் முன்னால் வாங்கிய திட்டு என்பதால் இரண்டு மடங்கு உறைத்தது.

நர்ஸ் வலையைத் தூக்கினார். கணு எலும்பின் மேட்டில் ஏறிய மூலையில் மட்டும் ஷீட் தூக்கிக்கொண்டு நின்றது. நடக்கும்போதெல்லாம் அங்கே தோல் மடங்கியிருக்கிறது. தூக்கிய மூலைக்கு அடியில் நீர் தேங்கிக் கெட்டுவிட்டது. தொற்று அங்கிருந்துதான் பரவியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் படுக்க வைத்து ஊசி போட வேண்டி வந்திருக்கும் என்றார். அந்த மூலையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்தார். டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கித் தந்தார்.

மிச்ச இடத்தில் ஷீட்டையே காணவில்லை. அது கரைந்து சதையோடு சேர்ந்துவிட்டிருந்தது. ஒரு வருடமாக நான் மஞ்சளாகவே பார்த்த பள்ளத்தில் நனைந்த சிவப்பு மணல்போல் புதுச்சதை ஏறியிருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. என்னால் வரவில்லையே என்பதும் அந்தக் கலக்கத்தில் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அத்தான் புதுச்சதையைப் பார்க்கவே இல்லை. கெட்டுப்போன மூலையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேடு இருக்கற இடத்துக்கு ஓரத்துல கீறல் விட்டு வெட்டணும். அப்பதான் மடங்கும்போது தூக்காது" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னிடம், "பிளாஸ்டிக் தாள்ல வரைஞ்சு வெச்சிருக்கியே, தருவியா மச்சான்? எந்த எடத்துல வளையுதுன்னு பார்க்கணும்."

"தேடிப் பார்க்கறேன்" என்றேன். அவை அலமாரியின் மேல் தட்டில், தேதி வரிசைப்படி இருந்தன. ஒரு வாரம் தேடிவிட்டுக் கொடுத்தேன்.

சிவப்பு இறங்கியதும், ஓரத்தில் கீறல் விட்ட புது ஷீட் வந்தது. அது தூக்கவில்லை. வாரா வாரம் என் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கின. ஒருநாள் தாளில் வரைய ஒன்றும் இல்லை. பள்ளம் இருந்த இடத்தில் வெங்காயச் சருகுபோல் பளபளக்கும் இளஞ்சிவப்புத் தோல்.

அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். "மாப்பிள்ளை நெய்ஞ்சது" என்றாள். பேனாக் கோட்டைப் பற்றி யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் இருந்தால், "இவன் என் கால்ல கிறுக்கி வெச்சான்" என்று மட்டும் சொல்வாள்.

தோல் மூடினாலும் நரம்பு பழைய நரம்புதான். மறுபடி உடையாமல் இருக்கத் தினமும் பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கக் கட்டு போட வேண்டும். நேற்று காலை அம்மாவின் காலை என் மடியில் வைத்துக் கட்டத் தொடங்கியபோது அத்தான் வந்தார். நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் ஒரு தடவை கட்டிப் பார்க்கட்டுமா அத்தை? கணு மேல துணி எப்படிப் படியுதுன்னு தெரியணும்." கையை நீட்டினார்.

அம்மா சூடு பட்டவள்போல் காலைச் சுருக்கிக்கொண்டாள். "ஐயையோ, நீங்க போய் என் காலைத் தொடறதா! எழுந்திரிங்க மாப்பிள்ளை, மேல உட்காருங்க." அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஏன்டா மரம் மாதிரி உட்கார்ந்திருக்க? அவரைத் தரையில உட்கார வெச்சுட்டு. கட்டுடா சீக்கிரம்!" என்று காலை மறுபடி என் மடியில் போட்டாள்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அத்தான் அதைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் எழுந்திருக்கவில்லை.

அம்மா தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்ட சத்தத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உன்னைத் திட்டற மாதிரி என்னையும் ஒரு நாள் திட்டியிருந்தாங்கன்னா, ஞாயித்துக்கிழமையே வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லியிருப்பாங்க மச்சான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் என் கையில் இருந்தது. நுண்ணோக்கித் திரையைப் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படி, கூடவே ஒரு ஏக்கத்தோடு. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக எதிர்வீட்டு அத்தையும் கைப்பிடி நாற்காலியும் முதல் கரண்டியும் எனக்குப் பழக்கிக் கொடுத்த பார்வை.

ஏதாவது சொல்லியிருக்கலாம். துணியின் ஒரு முனையையாவது அவர் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பாதத்திலிருந்து மெதுவாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, மேலே கட்டிக்கொண்டு போனேன்.

"என்னடா இன்னைக்கு இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"ஆடாம இரும்மா" என்று அதட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழே, தேவைக்கு மேல் ஒரு சுற்று சுற்றினேன்.